பள்ளி மேடைக்கு எந்த நாடகம்?

முதன்முறையாகப் பள்ளி நாடகத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. 12 முதல் 14 வயது வரையிலான 32 மாணவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் எட்டு வாரம். வாரத்தில் மூன்று நாள், வகுப்புகள் முடிந்தபின், ஒன்றரை மணி நேரம் ஒத்திகைக்குக் கிடைக்கும். மூன்று நாடகங்களுக்கிடையே அவர் தடுமாறுகிறார்: இரண்டரை மணி நேரம் ஓடக்கூடிய வரலாற்று நாடகம் ஒன்றின் சுருக்கம், சக ஆசிரியர் எழுதிய, நீரைச் சேமிக்க வலியுறுத்தும் விழிப்புணர்வு நாடகம், ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் எழுதி, தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட, மூன்றே பாத்திரங்கள் கொண்ட ஓரங்க நகைச்சுவை. இவற்றில் எது பொருத்தம், எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறார்.

புத்தகங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் மொத்தம் 36 மணி நேரம். மேடையில் ஒரு நிமிடம் ஓடுவதற்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம் வேண்டும் என்பது நாடகக்காரர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் தோராயக் கணக்கு. முதல் வாரம் வாசிப்பிலும் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுப்பதிலும் போய்விடும். கடைசி வாரம் உடை, விளக்கு, இசை ஆகியவற்றோடு முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்ப்பதற்கு வேண்டும். நடுவில் தேர்வும் காய்ச்சலும் விடுமுறையும் தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைப்பது மிஞ்சிப்போனால் முப்பது நிமிட நாடகம். பிள்ளைகள் அனுபவம் உள்ளவர்களாக இருந்தால் முப்பத்தைந்து. இந்த எண்ணை ஏற்றுக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளி நாடகங்கள் சரிவதற்கு மாணவர்களின் திறமைக் குறைவைக் காட்டிலும் பெரிய காரணம், ஒரு மணி நேர நாடகத்தை இருபது மணி நேர ஒத்திகையில் அடைக்க முயல்வதுதான் என்பது என் அனுபவம்.

இந்த இடத்தில் வரலாற்று நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை மணி நேர நாடகத்தை அரை மணிக்குச் சுருக்க உட்காரும்போது, ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டத்தான் நம் கை போகும். அப்படி வெட்டினால் எல்லாக் காட்சியும் இருக்கும், ஆனால் எந்தக் காட்சியிலும் நாடகம் இருக்காது. அரசன் வருவான், அறிவிப்பான், போவான். தூதன் வருவான், சொல்வான், போவான். பாத்திரங்கள் ஒருவரையொருவர் மாற்றுவதற்கு நேரமே இல்லாமல் கதைச்சுருக்கம் மட்டும் மேடையேறும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நிகழ்ச்சியை, அதாவது ஒரு வழக்கு விசாரணையையோ, முற்றுகைக்கு உள்ளான ஊரின் ஒரே இரவையோ மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அதன் முழு அளவில் நடத்துங்கள். முன்கதையை ஒரு கட்டியங்காரன் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியும்.

அடுத்தது, 32 என்ற எண். நாடகத்தைத் தேர்வதற்கு முன்பு ஒரு பெரிய தாளில் அட்டவணை போடுங்கள். காட்சிகளை மேலிருந்து கீழாக எழுதி, பாத்திரங்களை இடமிருந்து வலமாக நிரப்பி, யார் எந்தக் காட்சியில் மேடையில் இருக்கிறார், எத்தனை முறை பேசுகிறார் என்று குறித்துக்கொண்டே வந்தால், வாசிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பல உண்மைகள் வெளியே வரும். நாடகத்தின் பாதி வசனம் ஒரே பிள்ளையின் தலையில் இருப்பது தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் நாடகம் நின்றுவிடும். இரண்டாம் காட்சியில் மூன்று வரி பேசிவிட்டு, மீதி எட்டு வாரமும் சுவரோரம் உட்கார்ந்திருக்கப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் தெரியும். பள்ளி நாடகத்தில் ஒழுங்கு குலைவதற்குக் காரணம் அந்தச் சுவரோரம்தான். வேலையில்லாத பிள்ளைகளை அதட்டி அமைதியாக வைத்திருப்பதே ஆசிரியரின் வேலையாகிவிட்டால், மேடையில் நிற்பவர்களை யார் கவனிப்பது?

பெரிய கூட்டத்துக்கு வேலை கொடுப்பதற்கு நாடகக் கலை கண்டுபிடித்த மிகப் பழைய வழி குழுப்பாத்திரம். பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கோரஸ் என்னும் இத்தகைய குழுவில் பன்னிரண்டு பேராக இருந்ததை நாடகாசிரியர் சோஃபக்கிளீஸ் பதினைந்தாக உயர்த்தினார் என்பது மரபுச் செய்தி. நகைச்சுவை நாடகங்களில் அது 24 பேர். ஊர் மக்கள், படைவீரர்கள், காட்டின் மரங்கள், கடலின் அலைகள் என்று எதுவாகவும் மாறக்கூடிய, ஒன்றாகப் பேசவும் தனித்தனியே பிரிந்து பேசவும் கூடிய ஒரு குழு இருக்கும் நாடகம் பள்ளிக்கு மிகவும் உகந்தது. அதில் கூச்சமுள்ள பிள்ளை கூட்டத்தோடு குரல் எழுப்பப் பழகி, ஐந்தாவது வாரத்தில் தானாகவே ஒரு தனி வரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் கூட்டத்துக்குச் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அரசவையில் இருபுறமும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எட்டுக் காவலர்களை நான் குழுப்பாத்திரம் என்று சொல்ல மாட்டேன்.

ஷேக்ஸ்பியரின் 'கோடைநடு இரவுக் கனவு' நாடகத்தில், தொழிலாளிகள் சிலர் ஒன்றுகூடித் திருமண விழாவுக்காக நாடகம் போடத் திட்டமிடும் காட்சியைப் பள்ளி நாடகம் நடத்தும் எவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். நெசவாளி பாட்டம் எல்லா வேடமும் தனக்கே வேண்டும் என்கிறான். தச்சன் ஸ்னக், தான் மனப்பாடம் செய்வதில் மெதுவானவன் என்பதால் சிங்கத்தின் வசனம் எழுதியாகிவிட்டதா, எழுதியிருந்தால் இப்போதே கொடுங்கள் என்று கேட்கிறான். சிங்கத்துக்கு வசனமே இல்லை, கர்ஜித்தால் போதும் என்று அவனுக்குப் பதில் வருகிறது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பாட்டமும் ஒரு ஸ்னக்கும் இருக்கிறார்கள். ஸ்னக்குக்குத் தகுந்த சிங்கம் உங்கள் நாடகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு குறைவாக, ஆனால் மேடையில் அவன் இல்லாவிட்டால் கதை நகராது என்ற அளவுக்கு முக்கியமாக, ஒரு பாத்திரமாவது இருக்க வேண்டும்.

பாத்திரங்களைப் பற்றி இன்னொன்று. இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், பருமனான மாணவன் ஒருவனுக்குப் பெருந்தீனிக்காரன் வேடத்தைக் கொடுத்தேன். அவன் மிக நன்றாக நடித்தான், அரங்கம் குலுங்கிச் சிரித்தது, அவனும் சிரித்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தின் பெயர் மறுநாளிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. பள்ளியை விட்டுப் போகும்வரை அது அவனை விடவில்லை. தொழில்முறை நடிகர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். பள்ளிப் பிள்ளை அதே வகுப்பறைக்கு, அதே பெஞ்சுக்குத்தான் திரும்பிப் போகிறது. ஆகவே உடல்வாகு, நிறம், திக்குவாய், வறுமை, பெண்தன்மை ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு மூட்டும் நாடகங்களை நான் இப்போது முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வேடங்களைப் பிரிப்பதற்கு முன்பு, எந்த வேடம் தனக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தாளில் எழுதித் தரச் சொல்கிறேன்; காரணம் கேட்பதில்லை.

உணர்ச்சியின் அளவைப் பற்றிப் பேசும்போது பிரான்சில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. வசதியற்ற பிரபுக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்காக 1686-ல் சேன்-சீர் என்னுமிடத்தில், மன்னர் பதினான்காம் லூயியை இரகசியமாக மணந்திருந்த மதாம் தெ மாந்தனோன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே மாணவிகள் பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் 'ஆந்த்ரோமாக்' நாடகத்தை நடித்தார்கள். அவர்கள் மோசமாக நடித்திருந்தால் பிரச்சினையே இருந்திருக்காது. காதலும் பொறாமையும் வெறியும் நிறைந்த அந்த நாடகத்தை அளவுக்கு மீறி நன்றாக நடித்துவிட்டார்கள் என்பதே நிறுவனரின் கவலையாயிற்று. இனி அதை நடிப்பதில்லை என்று முடிவு செய்து, மாணவிகளுக்கு ஏற்ற நாடகம் ஒன்றைப் புதிதாக எழுதித் தருமாறு ரசீனையே கேட்டுக்கொண்டார். அப்படிப் பிறந்தது 1689-ல் மேடையேறிய 'எஸ்தர்'. பாடலும் கூட்டுக்குரலும் கொண்ட, பெண்கள் பலருக்கு இடமளிக்கும் நாடகம் அது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பதினான்காம் லூயி மன்னரும் அரசவையினரும் வந்து பார்க்கத் தொடங்க, அழைப்புக்காகப் பெரியவர்கள் போட்டியிட, பள்ளி நாடகம் அரசவை விழாவாகிவிட்டது. புகழ் மாணவிகளின் தலைக்கேறுகிறது என்ற கண்டனமும் எழுந்தது. அடுத்த நாடகமான 'அத்தலி' 1691-ல் காட்சி ஜோடனை இல்லாமல், தினசரி உடையிலேயே, மிகச் சிலர் முன்னிலையில் நடத்தப்பட்டது.

காதலைத் தொடும் எதுவும் பள்ளிக்கு ஆகாது என்ற மாந்தனோனின் கண்டிப்பு எனக்கு உடன்பாடில்லை. பதின்வயதுப் பிள்ளைகள் துக்கத்தையும் கோபத்தையும் இழப்பையும் பெரியவர்கள் நினைப்பதைவிட நேர்மையாகக் கையாளுவார்கள். மரணம் வருகிற நாடகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த உணர்ச்சியைப் பற்றி ஒத்திகை அறையில் உட்கார்ந்து பேச உங்களுக்கு நேரமும் மனமும் இருக்க வேண்டும். வீட்டில் அண்மையில் இழப்பைச் சந்தித்த பிள்ளை குழுவில் இருக்கிறதா என்பது தெரிந்திருக்க வேண்டும். சேன்-சீர் கதையின் பிற்பாதி இன்னும் முக்கியமானது என்று நினைக்கிறேன். சிறப்பு விருந்தினருக்கு எது பிடிக்கும், பெற்றோர் எதைப் பார்த்துக் கைதட்டுவார்கள் என்று தேடத் தொடங்கினால், தேர்வு உங்கள் கையை விட்டுப் போய்விடும். பார்வையாளர்கள் அந்த நாடகத்தோடு இருக்கப்போவது அரை மணி நேரம். பிள்ளைகளோ எட்டு வாரம் அதற்குள் வாழப்போகிறார்கள். அதே பக்கங்களை முப்பதாவது முறை திறக்கும்போதும் தோண்டுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கும் நாடகம்தான் அவர்களைத் தாங்கும்.

விழிப்புணர்வு நாடகத்தில் எனக்குள்ள தயக்கமும் இதனால்தான். நீரைச் சேமிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, அதுவே நாடகத்துக்குக் கேடு. இப்படிப்பட்ட நாடகங்களில் ஒருவர் அறியாதவர், ஒருவர் அறிந்தவர்; அறிந்தவர் விளக்குகிறார், அறியாதவர் திருந்துகிறார். திருந்துவதற்கு அவர் எதையும் இழப்பதில்லை. நடிக்கும் பிள்ளைக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாததால் வசனத்தை உரக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அதே பொருளை வைத்து நல்ல நாடகம் எழுத முடியாதா என்றால், முடியும். ஒரு தெருவுக்கு ஒரே குழாய். ஒரு வீட்டில் நோயாளி. இன்னொரு வீட்டில் அன்று விசேஷம். இருவரின் தேவையும் நியாயமானது. வரிசையில் யார் முன்னால் நிற்பது? இப்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தேவையும் ஒரு தடையும் இருக்கின்றன. சக ஆசிரியரின் பிரதியை வாசிக்கும்போது ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும், இவருக்கு இந்த நிமிடத்தில் என்ன வேண்டும், யார் தடுக்கிறார் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பாத்திரங்கள் பாதிக்கு மேல் இருந்தால், அந்தப் பிரதியைக் குழந்தைகளிடம் கொடுப்பதற்கு முன்பு ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்த வேண்டும்.

கருத்தை முன்வைக்கும் நாடகம் மாணவர்களின் கையில் என்னவாகும் என்பதற்கு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் அனுபவம் நல்ல சான்று. 1930-ல் குர்ட் வைலின் இசையோடு, மாணவர்கள் நடிப்பதற்கென்றே அவர் எழுதிய 'ஆம் என்பவன்' பெர்லினில் அரங்கேறியது. மலைப்பயணத்தில் நோயுறும் சிறுவன், குழு திரும்பிப் போகக் கூடாது என்ற வழக்கத்துக்கு இணங்கித் தன் சாவுக்குச் சம்மதிக்கிறான். பெர்லினின் நாய்க்கோல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பள்ளி மாணவர்கள் இந்த நாடகத்தை விவாதித்து, அவன் ஏன் அப்படி இணங்க வேண்டும், அந்தச் சாவுக்கு என்ன அவசியம் என்று கேட்டார்கள். பிரெக்ட் அவர்களின் எதிர்ப்பைக் கேட்டு நாடகத்தைத் திருத்தினார். சிறுவன் மறுத்துப் பேசும் 'இல்லை என்பவன்' என்ற இணை நாடகத்தையும் எழுதினார். உலகப் புகழ் பெற்ற நாடகாசிரியரே பிள்ளைகள் கேட்ட கேள்விக்காகப் பிரதியை மாற்றினார் என்றால், நாமும் பிரதியை முடிவு செய்வதற்கு முன்பு அவர்களைக் கேட்கலாம்.

மூன்றாவது யோசனையான மொழிபெயர்ப்பு நாடகத்தில் பார்க்க வேண்டியது மொழி. படிப்பதற்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு வேறு, பேசுவதற்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு வேறு. "நான் உங்களைச் சந்திக்க வேண்டும் என்று நெடுநாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன்" என்ற வாக்கியம் தாளில் பிழையற்றது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை மேடையில் சொல்லும்போது செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். "உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன்" என்று மாற்றிய உடனே முகமும் கையும் சேர்ந்து பேசத் தொடங்கிவிடும். வாய்க்கு வராத எழுத்துநடை உரைநடைதான் மனப்பாடத்துக்கு மிகக் கடினமானது. செய்யுள் வசனம் அப்படியல்ல. எதுகையும் மோனையும் சந்தமும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே பழங்காலக் கதைக்குச் சந்தமுள்ள செந்தமிழும், இன்றைய வீட்டில் நடக்கும் கதைக்குப் பேச்சுத்தமிழும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மொழியைத் தவிர்த்துவிடுங்கள்.

மேடை வசதி குறித்து நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. காட்சி மாற்றங்களை எண்ணுங்கள். ஒன்றுக்கு 40 நொடி என்றாலும் பன்னிரண்டு மாற்றத்தில் எட்டு நிமிடம் இருட்டிலேயே போய்விடும். முப்பது நிமிட நாடகத்தால் அதைத் தாங்க முடியாது. அமெரிக்க நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டர் எழுதி 1938-ல் மேடையேறிய 'எங்கள் ஊர்' நாடகம் சில மேசை நாற்காலிகளையும் ஏணிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு ஊரையே மேடைக்குக் கொண்டுவந்தது. ஒரே இடத்தில் நடக்கும் நாடகமோ, பிள்ளைகளின் உடலே சுவரும் கதவும் ஆகிவிடும் நாடகமோ கிடைத்தால் வரவேற்றுக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். 1886-ல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை, எழுதியவரின் ஆயுளோடு 50 ஆண்டு என்பதைக் குறைந்தபட்சப் பதிப்புரிமைக் காலமாக வைத்திருக்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு, பல நாடுகளில் 70 ஆண்டு. 1904-ல் மறைந்த செக்காவின் மூலத்துக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குச் சில நாடுகளின் சட்டம் சலுகை அளிக்கிறது. அனுமதிச்சீட்டு விற்றாலோ, வெளியாரை அழைத்தாலோ, காணொளியாக இணையத்தில் ஏற்றினாலோ அந்தச் சலுகை பொருந்தாமல் போகக்கூடும். வசனத்தை வெட்டவும், ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றவும் தனியே அனுமதி கேட்க வேண்டிய ஒப்பந்தங்களும் உள்ளன. வாழும் நாடகாசிரியர்களுக்குக் கடிதம் எழுதத் தயங்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் நடிக்கப்போகிறார்கள் என்றால் மகிழ்ந்து அனுமதித்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு முடிவு செய்ய வேண்டிய இடம் உங்கள் மேசை அல்ல. எஞ்சியிருக்கும் பிரதிகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, வேடம் எதையும் ஒதுக்காமல், ஆளுக்கு ஒரு வசனமாக வரிசையில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிரதியைப் பார்க்காமல் அவர்களின் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் தாளைப் புரட்டி, அடுத்து என்ன நடக்கிறது என்று திருட்டுத்தனமாகப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் காலை ஆட்டுகிறார்கள், எங்கே ஒருவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு "அவர் ஏன் சார் இப்படிச் செய்தார்?" என்று கேட்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி வரும் நாடகம், கைதட்டல் வாங்கும் நாடகத்தைக் காட்டிலும் எட்டு வாரம் நீடிக்கும்.

உங்கள் மூன்று யோசனைகளில், செக்காவின் ஓரங்கம் மிக நல்ல நாடகமாக இருந்தும் இந்தக் குழுவுக்கு ஒத்துவராது. மூன்று பேர் நடிக்க 29 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பத்துப் பேர் மட்டும் சேரும் நாடக மன்றம் அமைந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். விழிப்புணர்வு நாடகத்தை இப்போது உள்ளபடி நான் எடுக்க மாட்டேன். சக ஆசிரியர் திருத்த இசைந்தால், குழாயடிக் காட்சி போன்ற ஒன்றை மாணவர்களே நடித்துப் பார்த்து வசனம் உருவாக்கும்படி செய்து, அதை அடுத்த ஆண்டுக்கு வளர்த்தெடுக்கலாம். எனவே வரலாற்று நாடகம்தான், ஆனால் சுருக்கமாக அல்ல. அதில் மக்கள் கூட்டமாக நின்று அதிகாரத்தை எதிர்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்று நிச்சயம் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குப் பெயருள்ள பாத்திரங்கள், பதினாறு பேருக்கு ஊர் மக்களாகிய குழுப்பாத்திரம், ஆறு பேருக்கு இசையும் ஒலியும் விளக்கும் அரங்கப் பொருள்களும். உரிமைக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பதில் வரும்வரை முதல் வார நேரத்தை வட்ட வாசிப்புக்குப் பயன்படுத்தினால் ஒரு நாளும் வீணாகாது.